பார்வை மீட்பு மூளை உள்வைப்பு

பார்வை மீட்பு மூளை உள்வைப்பு என்பது, பழுதடைந்த கண்ணையும் பார்வை நரம்பையும் பயன்படுத்தாமல், மூளையின் பார்வைப் பகுதிக்கு நேரடியாக மின்துடிப்புகளை அனுப்பிப் பார்வையிழந்தவருக்கு ஒளியுணர்வைத் தர முயலும் மின்னணுக் கருவியாகும். மூக்குக்கண்ணாடியில் பொருத்திய நிழற்படக் கருவி, அதன் படங்களைச் சுருக்கும் கணினி, மூளையில் பதிக்கப்படும் மின்முனைகள் ஆகிய மூன்றும் இதன் முதன்மை உறுப்புகள். இக்கருவிகள் இன்றும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. இவை தருவது இயல்பான பார்வை அன்று. இருளில் தோன்றும் சில பத்து அல்லது சில நூறு ஒளிப்புள்ளிகள் மட்டுமே. அந்தச் சில புள்ளிகளில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பது படச் செயலாக்கம். எனவே இத்துறையில் அறுவை மருத்துவத்திற்கு இணையான இடம் கணினி அறிவியலுக்கும் உண்டு.

பார்வையின் வழித்தடம்

கண்ணுக்குள் நுழையும் ஒளி விழித்திரையில் விழுகிறது. அங்குள்ள சுமார் 12 கோடி குச்சி செல்களும் சுமார் 60 இலட்சம் கூம்பு செல்களும் ஒளியை மின்குறிப்புகளாக மாற்றுகின்றன. இக்குறிப்புகள் அப்படியே மூளைக்குச் செல்வதில்லை. விழித்திரையிலேயே உள்ள பல அடுக்கு நரம்பு செல்கள் அவற்றைத் தொகுத்துச் சுருக்குகின்றன. முடிவில் ஒரு கண்ணிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் நரம்பிழைகள் வழியாகவே செய்தி வெளியேறுகிறது. படத்தைச் சுருக்கும் பணியை இயற்கை கண்ணிலேயே தொடங்கிவிடுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

பார்வை நரம்பு வழியே வரும் செய்தி, மூளையின் நடுவிலுள்ள தலாமசு என்ற பகுதியைக் கடந்து, தலையின் பின்புறத்தில் உள்ள பிடரி மடலை அடைகிறது. அங்குள்ள முதன்மைப் பார்வைப் புறணி, காணும் காட்சியின் வரைபடம் போல் அமைந்துள்ளது. காட்சியின் இடப்பாதி மூளையின் வலப்புறத்திலும், வலப்பாதி இடப்புறத்திலும் பதிகின்றன. மேற்பகுதி கீழாகவும் கீழ்ப்பகுதி மேலாகவும் அமைகின்றன. உற்று நோக்கும் நடுப்பகுதிக்கு மிகப் பெரிய இடமும், ஓரப் பகுதிகளுக்குச் சிறிய இடமும் ஒதுக்கப்பட்டுள்ளன.

இந்த வழித்தடம் எந்த இடத்தில் அறுந்தது என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும். விழிவில்லையில் புரை விழுந்தால் அதை மாற்றினால் போதும். ஒளி வாங்கும் செல்கள் மட்டும் அழிந்து, மற்ற விழித்திரை அடுக்குகள் நலமாக இருந்தால், விழித்திரையில் பதிக்கும் கருவி உதவலாம். கண்நீர் அழுத்த நோயினாலோ காயத்தினாலோ பார்வை நரம்பே அழிந்துவிட்டால் அந்த வழியும் அடைபடுகிறது. அப்போது எஞ்சுவது மூளை மட்டுமே.

மின்சாரம் தந்த ஒளிப்புள்ளி

மின்சாரம் ஒளியுணர்வைத் தரும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. 1755-இல் பிரெஞ்சு மருத்துவர் சார்லசு லெ ராய், பார்வையற்ற ஒருவரின் தலை வழியே மின்னேற்றத்தைச் செலுத்தினார். பார்வை திரும்பவில்லை, ஆனால் அவர் ஒளிக்கீற்றுகளை உணர்ந்தார். 1929-இல் செருமானிய நரம்பு அறுவை மருத்துவர் ஓட்ஃபிரிட் ஃபர்சிட்டர், அறுவையின்போது பிடரி மடலின் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, நோயாளிக்கு ஒரு ஒளிப்புள்ளி தெரிந்தது. தூண்டும் இடத்தை மாற்றியபோது புள்ளியின் இடமும் மாறியது. 1931-இல் கிரவுசே, சூம் ஆகிய இருவரும், பல ஆண்டுகளுக்கு முன் பார்வையிழந்த ஒருவருக்கும் இவ்வாறு ஒளி தெரிவதைக் கண்டனர். கண் பயன்படாமல் போன பின்னரும் மூளையின் பார்வைப் பகுதி விழித்தே இருக்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று. இத்தகைய ஒளிப்புள்ளி பாஸ்பீன் எனப்படுகிறது.

நிலையான கருவியை முதலில் பொருத்திக் காட்டியவர்கள் இங்கிலாந்தின் சைல்சு பிரிண்ட்லியும் வால்போல் லெவினும் ஆவர். பார்வையிழந்த 52 வயதுப் பெண் ஒருவரின் மூளைப் பரப்பில் 80 மின்முனைகளை அவர்கள் வைத்தனர். மண்டையோட்டுக்கு வெளியே, தோலுக்கு அடியில் வைத்த சிறு வானொலி வாங்கிகள் வழியாக மின்முனைகள் இயக்கப்பட்டன. 1968-இல் இம்முடிவுகள் வெளியாயின. நீட்டிய கையில் உள்ள அரிசி அல்லது ஜவ்வரிசி அளவில் அந்த ஒளிப்புள்ளிகள் தெரிந்ததாக அப்பெண் விவரித்தார். பல மின்முனைகளை ஒருசேர இயக்கியபோது எளிய வடிவங்களும் தெரிந்தன. ஆயினும் அன்றாட வாழ்வுக்கு உதவும் அளவை அக்கருவி எட்டவில்லை.

அமெரிக்காவில் வில்லியம் டோபல் இம்முயற்சியைத் தொடர்ந்தார். 1976-இல் அவருடைய குழு, 6 ஒளிப்புள்ளிகளைப் பிரெய்லி எழுத்தின் 6 புள்ளிகளாகப் பயன்படுத்தி ஒருவரைப் படிக்கவைத்தது. 2000-இல், 1978 முதல் மின்முனைகளைத் தலையில் தாங்கியிருந்த ஒருவருக்கு நிழற்படக் கருவியையும் கணினியையும் இணைத்த விவரத்தை டோபல் வெளியிட்டார். 2004-இல் அவர் காலமானார்.

பிரிண்ட்லியும் டோபலும் மூளையின் மேற்பரப்பில் மின்முனைகளை வைத்தவர்கள். அம்முறையில் ஒரு புள்ளியைக் காட்டவே மில்லிஆம்பியர் அளவு மின்னோட்டம் தேவைப்பட்டது. 1996-இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் காட்டினர். 22 ஆண்டுகளாகப் பார்வையற்றிருந்த 42 வயதுப் பெண்ணின் புறணிக்குள், 38 நுண்மின்முனைகளை ஊசி போல் செலுத்தினர். அவற்றில் 34 மின்முனைகள் ஒளிப்புள்ளிகளைத் தந்தன. பெரும்பாலானவற்றிற்கு 25 மைக்ரோஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே போதுமானதாக இருந்தது. மின்னோட்டம் குறைந்தால் மின்முனைகளை நெருக்கமாக வைக்கலாம். நெருக்கமாக வைத்தால் நுட்பமான வடிவங்களைக் காட்டலாம்.

கருவி இயங்கும் முறை

இன்றைய ஆய்வுக் கருவிகள் பெரும்பாலும் கீழ்க்கண்ட வரிசையில் இயங்குகின்றன.

1. மூக்குக்கண்ணாடியில் உள்ள நிழற்படக் கருவி எதிரேயுள்ள காட்சியைப் படம்பிடிக்கிறது.
2. இடுப்பிலோ பையிலோ உள்ள சிறு கணினி அப்படத்தைச் சுருக்குகிறது.
3. எந்த மின்முனை, எவ்வளவு மின்னோட்டத்துடன், எப்போது துடிக்க வேண்டும் என்ற கட்டளையை அதே கணினி உருவாக்குகிறது.
4. அக்கட்டளையும் இயக்குவதற்கான ஆற்றலும் கம்பியின்றியோ, தலையில் பொருத்திய இணைப்பு வழியாகவோ உள்வைப்பை அடைகின்றன.
5. மின்முனைகள் புறணியின் நரம்பு செல்களைத் தூண்ட, அணிந்திருப்பவருக்கு ஒளிப்புள்ளிகள் தெரிகின்றன.

இவை அனைத்தும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிய வேண்டும். நடந்து செல்பவருக்கு ஒரு நொடி தாமதம் என்பது ஓர் அடிக்கும் மேலான தொலைவு. முன்னே இருந்த தூண், கருவி அதைக் காட்டும்போது மோதும் தொலைவில் இருக்கும்.

படச் செயலாக்கத்தின் பங்கு

640 × 480 அளவுள்ள ஓர் எளிய படத்தில் 3,07,200 படப்புள்ளிகள் உள்ளன. 60 மின்முனைகள் கொண்ட கருவியில் அவற்றை 60 ஆகச் சுருக்க வேண்டும். அதாவது 5,120 படப்புள்ளிகளுக்கு ஓர் ஒளிப்புள்ளி. ஒவ்வொரு பகுதியின் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிட்டுக் காட்டுவது மிக எளிய வழி. ஆனால் அப்படிச் செய்தால் ஒரு மனித முகம் மங்கலான ஒரு வெளிச்சத் திட்டாக மட்டுமே தெரியும்.

இதனால் சுருக்குவதற்கு முன் படத்தில் முக்கியமானதைப் பிரித்தெடுக்கிறார்கள். முதலில் நிறங்கள் நீக்கப்பட்டு, படம் கறுப்பு, வெள்ளை, சாம்பல் அளவுகளுக்கு மாற்றப்படுகிறது. வெளிச்சத்திற்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு மிகைப்படுத்தப்படுகிறது. பிறகு விளிம்பு காணும் முறை பயன்படுத்தப்படுகிறது. அருகருகே உள்ள படப்புள்ளிகளின் வெளிச்சம் திடீரென மாறும் இடமே விளிம்பு. 1986-இல் சான் கேனி வெளியிட்ட விளிம்பு காணும் முறை இத்துறையில் பரவலாகக் கையாளப்படுகிறது. வெள்ளைச் சுவரில் உள்ள கறுப்புக் கதவின் எல்லைகளை இவ்வாறு சில கோடுகளாகக் காட்டிவிடலாம்.

எல்லா இடங்களிலும் இம்முறை பயன் தராது. கடைத்தெருவில் எடுத்த படத்தில் பலகைகள், மக்கள், வண்டிகள், நிழல்கள் என எங்கும் விளிம்புகளே இருக்கும். அவை அனைத்தையும் 60 புள்ளிகளில் காட்டினால் எல்லாப் புள்ளிகளும் ஒளிர்ந்து எதுவும் புரியாமல் போகும். இதற்குத் தீர்வாக, தொலைவை அளக்கும் கருவிகளின் துணையுடன் அருகிலுள்ள பொருள்களை மட்டும் காட்டும் முறைகளும், கணினியே ஆள், கதவு, படிக்கட்டு போன்றவற்றை அடையாளம் கண்டு அவற்றின் புறவடிவத்தை மட்டும் வரையும் முறைகளும் ஆராயப்படுகின்றன. படிப்பதற்கு ஒன்று, நடப்பதற்கு ஒன்று, முகம் தேடுவதற்கு ஒன்று எனத் தேவைக்கேற்ப முறையை மாற்றிக்கொள்வதும் ஒரு வழி.

இங்கே ஒரு முக்கியமான கேள்வி எழுகிறது. கணினி தேவையில்லை என்று நீக்கியது, அணிந்திருப்பவருக்கு இல்லாத பொருளாகிவிடுகிறது. தரையில் உள்ள பள்ளத்தையோ கண்ணாடிக் கதவையோ தலை உயரத்தில் தொங்கும் கிளையையோ கணினி விட்டுவிட்டால், அது விடுபட்டது என்பதே அவருக்குத் தெரியாது. இயல்பாகப் பார்ப்பவர், தாம் கவனிக்காத ஒன்றை மீண்டும் திரும்பிப் பார்க்க முடியும். கருவி அணிந்தவர் பார்ப்பதோ பிறர் எழுதிய நிரல் தேர்ந்தெடுத்த காட்சி. அதனால் எதைக் காட்ட வேண்டும் என்பதைப் பொறியாளர் மட்டும் முடிவு செய்யாமல், பார்வையற்றோரும் உடனிருந்து முடிவு செய்வது இன்றியமையாதது.

எத்தனை புள்ளிகள் போதும் என்ற கேள்விக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. 1992-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பார்வையுள்ளவர்களுக்குப் புள்ளிகளால் ஆன காட்சியை மட்டும் காட்டிப் படிக்கவும் நடக்கவும் செய்தனர். 25 × 25, அதாவது 625 புள்ளிகள் இருந்தால் பயனுள்ள பார்வை கிடைக்கக்கூடும் என்பது அவர்களின் முடிவு. இச்சோதனையில் எல்லாப் புள்ளிகளும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன என்பதை மறக்கலாகாது. உண்மையான மூளையில் நிலைமை வேறு.

ஒழுங்கற்ற புள்ளிகள்

மின்முனைகளைச் சதுரமாக அடுக்கினாலும் ஒளிப்புள்ளிகள் சதுரமாகத் தோன்றுவதில்லை. புறணி மடிப்புகள் நிறைந்தது. அதன் வரைபடமும் நடுவில் விரிந்து ஓரத்தில் சுருங்கியது. எனவே அறுவைக்குப் பின் ஒவ்வொரு மின்முனையையும் தனித்தனியே இயக்கி, புள்ளி எங்கே தெரிகிறது என்று அணிந்தவரையே காட்டச் சொல்லி, அவருக்கென ஒரு வரைபடம் தயாரிக்க வேண்டும். ஒருவரின் வரைபடம் மற்றவருக்குப் பொருந்தாது.

பல புள்ளிகளை ஒரே நேரத்தில் ஒளிரச் செய்தால் அவை எழுத்தாக இணையாமல், ஒன்றோடொன்று கலந்து திட்டாகிவிடுவதும் உண்டு. இதற்கு ஒரு தீர்வை 2020-இல் அமெரிக்காவின் பேய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் போசம்ப், டேனியல் யோசோர் குழுவினர் வெளியிட்டனர். அவர்கள் எழுத்தின் வடிவத்தை ஒரேயடியாகக் காட்டாமல், மின்முனைகளை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கி வரைந்து காட்டினர். ஒருவரின் உள்ளங்கையில் விரலால் எழுத்தை எழுதினால், அவர் கண்ணை மூடியிருந்தாலும் அதைக் கண்டுகொள்வது போன்றது இம்முறை. சோதனையில் பங்கேற்ற பார்வையற்ற ஒருவர் நிமிடத்திற்கு 86 வடிவங்கள் வரை அடையாளம் கண்டார்.

கண்ணசைவு மற்றொரு சிக்கல். ஒளிப்புள்ளிகள் கண் திரும்பும் திசையில் நகர்வதை பிரிண்ட்லியே குறிப்பிட்டுள்ளார். நிழற்படக் கருவியோ தலை திரும்பும் திசையை மட்டுமே பார்க்கிறது. தலை நேராக இருக்க, கண் மட்டும் இடப்புறம் திரும்பினால், எதிரே உள்ள கோப்பை இடப்புறம் இருப்பதாகத் தோன்றும். நீட்டிய கை வெறும் இடத்தைத் தொடும். கண்ணசைவை அளந்து, அதற்கேற்பப் படத்தின் எந்தப் பகுதியை அனுப்புவது என்று மாற்றினால் இது குறையும். இதுவும் படச் செயலாக்கத்தின் பணியே.

அண்மைய ஆய்வுகள்

2018-இல் இசுப்பெயினின் எல்ச்சே நகரிலுள்ள மிகுவல் எர்னாண்டசு பல்கலைக்கழகத்தில், எடுவார்தோ பெர்னாண்டசு தலைமையிலான குழு, 16 ஆண்டுகளுக்கு முன் பார்வையிழந்த 57 வயதுப் பெண்ணுக்கு 96 மின்முனைகள் கொண்ட சிறு தகட்டைப் பதித்தது. அவர் முன்னாள் அறிவியல் ஆசிரியை. சில எழுத்துகளையும் பொருள்களின் எல்லைகளையும் அவரால் அறிய முடிந்தது. தாம் காண்பதைத் தெளிவாக விவரித்து ஆய்வின் திசையையே அவர் செம்மைப்படுத்தினார். அனுமதிக்கப்பட்ட 6 மாதக் காலம் முடிந்ததும் உள்வைப்பு அகற்றப்பட்டது. முடிவுகள் 2021-இல் வெளியாயின.

நெதர்லாந்து நரம்பியல் நிறுவனத்தில் பீட்டர் ரூல்ஃப்சேமா குழுவினர், 1,024 மின்முனைகளைக் குரங்குகளின் பார்வைப் புறணியில் பதித்து, அவை எழுத்து வடிவங்களைப் பிரித்தறிவதை 2020-இல் காட்டினர். 2022-இல் சிகாகோவில் இல்லினாய் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த, 400 மின்முனைகள் கொண்ட கம்பியற்ற கருவி முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. நியூராலிங்கு நிறுவனத்தின் பார்வைக் கருவிக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் புதுமைக் கருவி என்ற தகுதியை வழங்கியது. பரிசீலனையை விரைவுபடுத்தும் இத்தகுதி விற்பனைக்கான அனுமதி அன்று. செய்திகளில் இவ்விரண்டும் பல நேரங்களில் ஒன்றாகக் கருதப்படுகின்றன.

ஆர்கசு கருவி தந்த பாடம்

மூளை உள்வைப்பின் எதிர்காலத்தை எண்ணும்போது, அதற்கு முன்னோடியான விழித்திரை உள்வைப்பின் வரலாற்றை அறிவது தேவை. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் உருவாக்கிய ஆர்கசு 2 கருவியில் 60 மின்முனைகள் இருந்தன. அது 2011-இல் ஐரோப்பாவிலும் 2013-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. உலகெங்கும் சுமார் 350 பேர் அதைப் பொருத்திக்கொண்டனர். அக்கருவியால் கிடைத்த மிகச் சிறந்த பார்வைக்கூர்மை 20/1260. அதாவது இயல்பான கண் 1,260 அடியிலிருந்து காண்பதை, 20 அடியிலிருந்து மட்டுமே காண முடியும். அப்படியிருந்தும் சன்னல் எங்கே, எதிரே ஆள் நிற்கிறாரா என்று அறிய முடிந்ததைப் பலர் பெரிதாக மதித்தனர்.

2019-இல் அந்நிறுவனம், மூளையில் பதிக்கும் ஓரியன் என்ற புதிய கருவியில் கவனம் செலுத்துவதற்காக ஆர்கசு 2 தயாரிப்பை நிறுத்தியது. ஓரியனும் 60 மின்முனைகள் கொண்டது. 6 பேருக்குச் சோதனையாகப் பொருத்தப்பட்டிருந்தது. 2020-இல் பணத் தட்டுப்பாட்டால் பெரும்பாலான ஊழியர்களை நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. கருவி பழுதானால் மாற்று உறுப்புகளோ உதவியோ கிடைக்காமல் அணிந்திருந்தோர் தவித்த நிலையை 2022-இல் ஐஈஈஈ ஸ்பெக்ட்ரம் இதழ் வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டில் நிறுவனம் வேறொன்றுடன் இணைந்தது. செருமனியில் 1,500 ஒளியுணரிகள் கொண்ட விழித்திரைச் சில்லைத் தயாரித்த நிறுவனமும் 2019-இல் மூடப்பட்டது.

கைப்பேசி நிறுவனம் மூடப்பட்டால் வேறு கைப்பேசி வாங்கலாம். உடலுக்குள் இருக்கும் கருவியை அவ்வாறு மாற்ற முடியாது. அகற்றுவதற்கும் அறுவை வேண்டும். அகற்றாவிட்டால் காந்த அதிர்வுப் படமெடுப்பு போன்ற பிற சிகிச்சைகளுக்கு இடையூறு நேரலாம். மூளைக் கருவிகளுக்கு இந்த இடர் இன்னும் பெரிது. ஆகவே புதிய சோதனைகளில் சேருவோருக்கு, சோதனை முடிந்த பின் கருவியைப் பராமரிப்பவர் யார், அகற்றும் செலவு யாருடையது என்பவை எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும் என்று மருத்துவ அறவியலாளர்கள் வலியுறுத்துகின்றனர்.

வரம்புகளும் இடர்களும்

* மண்டையோட்டைத் திறக்கும் அறுவை என்பதால் தொற்று, இரத்தக்கசிவு ஆகிய இடர்கள் உண்டு.
* மின்தூண்டல் அளவுக்கு மீறினால் வலிப்பு வரலாம். இதனால் ஒரே நேரத்தில் இயக்கும் மின்முனைகளின் எண்ணிக்கைக்கும் மின்னோட்டத்திற்கும் வரம்பு உண்டு.
* அன்னியப் பொருளைச் சுற்றி மூளை வடுத்திசுவை உருவாக்குகிறது. இதனால் மின்முனைகளின் திறன் நாளடைவில் குறையலாம்.
* பிறவியிலேயே பார்வையற்றோருக்கு இக்கருவி பயன்படுமா என்பது ஐயத்திற்குரியது. அவர்களின் பார்வைப் புறணி சும்மா இருப்பதில்லை. பிரெய்லி படிக்கும்போது அப்பகுதி செயல்படுவதை 1996-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதனால் இதுவரையான சோதனைகளில் பெரும்பாலும், பார்த்துப் பழகிப் பின்னர் பார்வையிழந்தவர்களே சேர்க்கப்பட்டுள்ளனர்.
* கருவியைப் பொருத்திய உடனே பார்வை வந்துவிடாது. புள்ளிகளுக்குப் பொருள் காண மாதக்கணக்கில் பயிற்சி தேவை.

எல்லா உள்வைப்புகளும் மூளையை நாட வேண்டியதில்லை என்பதும் இணைத்து எண்ணத்தக்கது. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்களுக்காக, டேனியல் பலாங்கரின் வடிவமைப்பில் உருவான பிரிமா என்ற சில்லு 2 மில்லிமீட்டர் அகலமும் 378 படப்புள்ளிகளும் கொண்டது. ஐரோப்பிய நாடுகளில் நடந்த சோதனையில் ஓராண்டை நிறைவு செய்த 32 பேரில் 26 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்பட்டதாக 2025-இல் செய்தி வெளியானது. விழித்திரை நரம்பு செல்கள் உயிருடன் உள்ளவர்களுக்கு இவ்வழி எளிது. பார்வை நரம்பையே இழந்தவர்களுக்குத்தான் மூளை உள்வைப்பு தேவைப்படுகிறது.

மதிப்பீடு

செயற்கைப் பார்வையின் தரத்தை மின்முனைகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளவிட முடியாது. ட என்ற எழுத்தைச் சில புள்ளிகளால் காட்டிவிடலாம். ஞ என்பதற்கு அதிகப் புள்ளிகள் வேண்டும். ஆனால் இரண்டையும் கைப்பேசியின் குரல்வழி வாசிப்பு எவ்வித அறுவையுமின்றிப் படித்துச் சொல்லிவிடும். வெள்ளைக்கோல் மிகக் குறைந்த செலவில் பள்ளத்தைக் காட்டிவிடும். எனவே ஒரு புதிய உள்வைப்பு, கோலும் குரல்வழி வாசிப்பும் தராத எதைத் தருகிறது என்பதே சரியான அளவுகோல். பேசிக்கொண்டிருப்பவர் எழுந்து போய்விட்டாரா, கதவு திறந்திருக்கிறதா, குழந்தை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பன போன்றவை அத்தகைய தேவைகள். இவற்றுக்கு ஆயிரம் புள்ளிகள் தேவைப்படாமலும் போகலாம். சரியாகத் தேர்ந்தெடுத்த சில புள்ளிகளும், கருவி பழுதானால் சரிசெய்து தர ஒரு நிலையான ஏற்பாடும் கட்டாயம் தேவை.